லண்டன் ஹமதின் செடி

லண்டனில் நான் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு தாளை. கோபுரம், பாலம், அரண்மனை எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்தத் தாளில் ஒரு காய்ந்த செடி ஒட்டப்பட்டிருந்தது. ஓமன் நாட்டின் ஹஜர் மலையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வெகுகாலத்துக்கு முன்பு பறித்து வந்த செடி. அதே மலையிலிருந்து நான் பறித்து வந்ததும் அந்தச் செடிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மலைமேல் ஒரு குட்டை தப்பிக்கும்.

நான் செடி கொடி படித்தவன் அல்ல. கோவில்பட்டிக்காரன். பதினோரு வருடமாக ஓமனில் குடிநீர்க் குழாய் போக நிலம் அளந்து கொடுக்கிறேன். அளக்கப் போன இடத்தில் அந்த மலை என்னைப் பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து பார்த்தால் புல் பூண்டுக்கு வழியில்லாத மொட்டைப் பாறை. நம் கரிசல் காட்டையே பசுமை என்று சொல்ல வைத்துவிடும். ஏறிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். உச்சிக்குப் பக்கத்தில் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் கடலின் அடித்தரை அது. பாறை இடுக்குகளில் காட்டு ஒலிவ மரங்கள், அதற்கும் மேலே முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜூனிபர் மரங்கள். மனிதர்களும் எப்போதோ ஏறிவிட்டார்கள். குதிரைமேலும் ஒட்டகத்தின்மேலும் ஆட்கள் போவதைப் பாறையில் கீறி வைத்திருக்கிறார்கள். ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, கூடை கூடையாக மண் சுமந்து, படிக்கட்டு மாதிரி வயல் கட்டி, மாதுளையும் ரோஜாவும் பூண்டும் போட்டார்கள். தண்ணீருக்கு முறை உண்டு. பகலில் ஒரு கம்பின் நிழலைப் பார்த்து மடை திருப்புவார்கள். இரவில் நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்புவார்கள்.

அந்த ஊரில் ஆடு மேய்ப்பவர் சலீம். வயது அறுபது இருக்கும், முழங்காலுக்கு இருபதுதான். என்னை மலை முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தவர் அவர்தான். ஊருக்குமேலே அவர்கள் காகத்தின் குட்டை என்று சொல்லும் ஒரு சிறு நீர்நிலை. அதன் ஓரத்தில் ஏழே ஏழு செடிகள். துளசிக் குடும்பம் என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும். நெஞ்சுச் சளிக்குச் சலீமின் மனைவி அதைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார். ஊருக்கு வரப்போகும் புதுச் சாலைக்காகப் பாறைகளில் அடித்த சிவப்பு அம்புக்குறிகள் நேராக அந்தச் செடிகளின்மேல் போயின.

சலீம் சாலைக்கு எதிரி அல்ல. பிரசவ வலியில் தன் மனைவியைக் கழுதைமேல் வைத்து இறக்கியவர். "சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? கொஞ்சம் தள்ளிப் போடச் சொல் என்றுதான் கேட்கிறேன்" என்றார். சாலைப் பொறியாளர் நல்ல மனிதர். "அரிய செடி என்று முத்திரையோடு ஒரு தாள் கொண்டு வா, மறு கரைக்குத் தள்ளுகிறேன். அழகான செடி என்று மட்டும் எழுதினால் மேலிடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்" என்றார். வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது.

படம் எடுத்து, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமித்து வைக்கும் லண்டன் தாவரக் காப்பகத்துக்கு அனுப்பினேன். ஹெலன் என்ற ஆய்வாளர் பதில் போட்டார். இதே மாதிரி இரண்டு வகைச் செடிகள் உண்டு. ஒன்று பல இடங்களில் கிடைப்பது. இன்னொன்று அந்த மலையில் ஒரே ஒரு முறை பறிக்கப்பட்டது, பிறகு யாரும் பார்க்கவில்லை. வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பூவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். பூக்காலம் முடிந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பூ நின்ற ஒரு கிளையைச் சலீம் வெட்டிக் கொடுக்க, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காய வைத்து, இரு நாட்டு அனுமதித் தாள்களையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்பும்போது சலீம் இன்னொன்றும் கேட்டார். அந்த வெள்ளைக்காரருக்குச் செடியைக் காட்டியதே சலீமின் தந்தை ஹமத் என்பவர்தானாம். வெள்ளைக்காரர் அவர் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாராம், ஒரு டப்பா பிஸ்கட்டும் கொடுத்தாராம். "என் பெயர் லண்டனில் இருக்கிறது" என்று ஹமத் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. லண்டன் ஹமத் என்று பட்டப் பெயர் வைத்து, மடை திருப்பும் இடத்திலெல்லாம் கேலி செய்தார்கள். "இருக்கிறதா என்று பார்த்து வா" என்றார் சலீம்.

செவ்வாய்க்கிழமை காலை லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியில் போய் இறங்கினேன். என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஜெயசீலனின் அக்கா செல்வராணி வீட்டில் தங்கல். "வாங்கோ தம்பி, பிளேனிலை ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டியள்" என்று சொல்லி, சூட்கேஸைக் கீழே வைப்பதற்குள் இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டார். கணவர் மரியதாசன் அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடித்து வந்து, இருமிக்கொண்டே கை குலுக்கினார்.

காப்பகத்தின் விதி ஒன்று உண்டு. வெளியிலிருந்து எந்தக் காய்ந்த செடி வந்தாலும் முதலில் உறைய வைக்க வேண்டும். அதில் ஒரு பூச்சி முட்டை இருந்தால்கூடப் பழைய தாள்களையெல்லாம் அரித்துத் தின்றுவிடுமாம். அவர்களுடைய உறைபெட்டியில் மூன்று வார வரிசை. வீட்டு ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைத்துக் கொண்டுவந்தால் போதும் என்று ஹெலன் எழுதியிருந்தார். தூக்கம் கண்ணைச் சுழற்ற, பொட்டலத்தை அக்கா கையில் கொடுத்து, "அக்கா, இதை ஃப்ரீஸர்ல வச்சிருங்க. பத்திரம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். செய்த பிழை அதுதான்.

புதன்கிழமை முழுக்க நடந்தேன். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் வாண்டில் என்று ஓர் ஆறு. அகலம் நம்மூர் ஓடை அளவுதான். தண்ணீர் கண்ணாடியாக, நிற்காமல், யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வேலை செய்பவனுக்கு அது தாங்காது. நாயோடு வந்த ஒரு பெரியவரிடம், "இந்தத் தண்ணீரை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டேன். அவர் ஆற்றையும் என்னையும் பார்த்துவிட்டு, "வாத்துகள் என்று நினைக்கிறேன்" என்றார். ஹஜர் மலையில் இதில் கால் பங்கு இருந்தால் நாலு ஊருக்கு முறை வைத்திருப்பார்கள், நாலு ஊரும் சண்டை போட்டிருக்கும். எனக்கு அந்தப் பெரியவரையும் பிடித்தது, வாத்துகளையும் பிடித்தது.

வியாழக்கிழமை பழைய தாளைப் பார்க்கக் காப்பகத்துக்குப் போனேன். போகும்போதே பாதாள ரயிலில் எதிர்த் திசையில் ஏறிவிட்டேன். மார்டனில் வண்டி காலியாகி, விளக்கை அணைக்கப் போகிறார்கள் என்கிற நேரத்தில் ஒரு பெண் ஊழியர் எட்டிப் பார்த்து, "அன்பரே, இதற்கு மேல் தண்டவாளமே இல்லை" என்றார். பதினோரு வருடம் வரைபடம் போட்டவன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

காப்பகத்தில் மாடி மாடியாக அலமாரிகள், அலமாரி முழுக்கத் தாள்கள். உலகத்து மலைகளையெல்லாம் அழுத்தி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஹெலனுக்கு ஐம்பது வயதிருக்கும். கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை. அதைப் பற்றிய கவலை அவருக்கு இல்லை. ஒரு தாளைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளாலும் கொண்டுவந்து வைத்தார். அங்கே இருந்தது எங்கள் செடி. இலை பழுப்பேறியிருந்தது, பூவின் ஊதா போய்விட்டது, ஆனால் கிளை வளைகிற விதம் அப்படியே காகத்தின் குட்டை ஓரத்தில் பார்த்ததுதான். மூலையில் சின்ன எழுத்தில் ஒரு சீட்டு. ஹெலன் எனக்கு வாசித்துக் காட்டினார். "கிராமத்துக்கு மேலே, ஒரு குட்டையின் அருகில். மக்கள் நெஞ்சுச் சளிக்குக் குடிக்கிறார்கள். ஓர் ஆட்டிடையன் காட்டியது."

ஓர் ஆட்டிடையன். அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். திருப்பினார். பின்பக்கம் ஒன்றுமில்லை. பறித்தவரின் பெயர் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்துப்போன மனிதரிடம் கோபப்பட்டு என்ன செய்வது? அன்று சலீம் போன் செய்தபோது எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அண்ணனும் மாதா கோயில் தமிழ்ப் பூசைக்குப் போய் வந்தார்கள். மத்தியானம் சாப்பாடு. சோறு, கணவாய் மீன் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம், கடைசியில் ரசம். முதல் வாயிலேயே அது வேறு மாதிரி ரசம் என்று தெரிந்தது. மிளகுக்கும் பூண்டுக்கும் பின்னால் ஒரு குளிர்ச்சியான காட்டு வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

"ரசம் பிரமாதம்க்கா. என்ன போட்டீங்க?"

"நீங்கள் கொண்டந்த மூலிகைதான். இவருக்கு ஒரே இருமல் எண்டு போன கிழமை ஜெயசீலனுக்குச் சொன்னனான். பாருங்கோ, உடனை குடுத்து விட்டிருக்கிறான்."

கோப்பையைக் கீழே வைத்தேன். இங்கே அக்காவின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஃப்ரீஸரைத் திறந்தால் முருங்கையிலை, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, கூனி இறால், வல்லாரை எல்லாம் ஊரிலிருந்து செய்தித்தாளில் சுற்றித்தான் வந்து கிடக்கும். கடல் கடந்து வருகிற எவரும் ஒரு பொட்டலம் இல்லாமல் அந்த வாசலை மிதித்ததில்லை. தம்பியோடு வேலை செய்பவன் தம்பி ஊரிலிருந்து வந்து, செய்தித்தாள் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, ஃப்ரீஸரில் பத்திரமாக வை என்கிறான். வேறு என்னவென்று நினைப்பார்?

"அக்கா, அது சமைக்கிறதுக்கு இல்லக்கா. அதைக் காட்டத்தான் நான் லண்டனுக்கே வந்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். சலீம், குட்டை, சாலை, அடுத்த பூ வர ஒரு வருடம் என்பது வரைக்கும் சொன்னேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "மாதாவே, நான் என்ன வேலை செய்து போட்டன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மரியதாசன் அண்ணன் தன் கோப்பையை எடுத்து எட்ட வைத்தார். நஞ்சோ என்ற பயம் அவருக்கு.

"நஞ்சு இல்லண்ணே. அந்த ஊர்லயும் இருமலுக்குக் குடிக்கிறதுதான்" என்றேன். கோப்பை திரும்பவும் கிட்ட வந்தது.

"பொட்டலத்துல மிச்சம் இருக்காக்கா?"

"முழுக்கப் போட்டிட்டன் தம்பி. காய்ஞ்சது எண்டதாலை குணம் காணாது எண்டு முழுக்கப் போட்டிட்டன். பிறகு வடிச்சுச் சக்கையைக் கவுன்சில் பெட்டிக்குள்ளை கொட்டிட்டன்."

கவுன்சில் பெட்டி என்பது சமையலறைக் கழிவுக்காக உள்ளூர் நகரசபை கொடுக்கும் சின்ன வாளி. அதைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போய்ச் செய்தித்தாளில் கொட்டினோம். பூசைச் சேலையோடு அக்கா, டை கட்டியபடி அண்ணன், நடுவில் நான். கணவாய்த் தோல், தேயிலைச் சக்கை, வெங்காயச் சருகு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக விலக்கினார். அவர் சமைத்ததை அவரே நன்றாக அறிவார். "இது கொத்தமல்லி. இது நற்சீரகம். இது என்ர இல்லை, உங்கட" என்று பிரித்துப் பிரித்து வைத்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு துண்டு கிளை, ஒரு கை இலை, மூன்று பூ. மூன்றும் வெந்து, ஊறி, ரசத்தின் நிறத்தில் இருந்தன. ஐஸ்கிரீம் வந்த ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினோம்.

அக்கா அன்று மாலை ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சலீமிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. ஏழு செடியில் பூ மிஞ்சிய ஒரே கிளையை அவர்தான் கத்தியால் வெட்டி, பிஸ்மில்லா சொல்லி என் கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ரயிலை நம்பவில்லை. பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "சேவையைச் சீராக வைத்திருக்க இந்தப் பேருந்து இங்கே சற்று நேரம் நிற்கும்" என்றது. பக்கத்தில் இருந்தவரிடம் என்ன கோளாறு என்று கேட்டேன். "நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டோம்" என்றார். முன்னால் வந்ததற்காக நிறுத்தி வைக்கப்படும் பஸ்ஸை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அவசரமாகப் போகிறவனுக்கு இதெல்லாம் அமைய வேண்டுமா? மடியில் டப்பா லேசாக ரச வாசம் வீசிக்கொண்டிருந்தது.

ஹெலன் முன்னால் டப்பாவை வைத்து நடந்ததைச் சொன்னேன். ரசம் என்றால் என்ன என்று இரண்டு முறை கேட்டார். மூடியைத் திறந்து முகர்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் மேசை ஓரத்தில் இருந்த மின்கெண்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"இது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தேநீருக்கு இல்லை. காய்ந்த பூவைத் திறந்தால் நொறுங்கிவிடும். வெந்நீரில் வேகவைத்துத்தான் திறப்போம். நீங்கள் சரியாகவே கொண்டு வந்திருந்தாலும் முதல் வேலையாக இதைக் கொதிக்கத்தான் வைத்திருப்பேன். நாங்கள் மிளகு போடுவதில்லை, அவ்வளவுதான்." பிறகு, "இந்தக் கொதியில் எந்தப் பூச்சியும் பிழைத்திருக்காது. விதியும் நிறைவேறிவிட்டது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஹெலன் முதல் பூவை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஊசியால் பிரித்தார். கிழிந்துவிட்டது. இரண்டாவதில் உள்ளே ஒரு சீரகத் துணுக்குத்தான் இருந்தது. மூன்றாவதை வெகு நேரம் மெதுவாகத் திறந்தார். என்னைப் பார்க்கச் சொன்னார். பூக்குழலின் உள்ளே மெல்லிய வெள்ளை முடிகள் வளையமாக நின்றன. பல இடங்களில் கிடைக்கும் செடியில் அந்த வளையம் இருக்காது. பழைய தாளில் ஒட்டியிருந்த சின்ன உறையில் முன்பு யாரோ பிரித்து வைத்த பூ ஒன்று இருந்தது. அதையும் பக்கத்தில் வைத்தார். அதிலும் வளையம் இருந்தது.

"அதே செடி" என்றார் ஹெலன். அன்றைக்கே பொறியாளருக்குக் கடிதமும் தயாராகி மின்னஞ்சலில் போயிற்று, முத்திரையோடு.

மிச்சமிருந்த கிளையையும் இலையையும் காய வைத்துப் புதுத் தாளில் ஒட்டுவார்களாம். சீட்டுக்கு விவரம் கேட்டார். இடத்தின் பெயர்? காகத்தின் குட்டை. பறித்தவர்? வாய் வரை வந்த என் பெயரை விழுங்கிவிட்டு, சலீம் என்றேன். வேகவைத்தவர் பெயரையும் குறிக்க வேண்டும், முறை அது என்றார் ஹெலன். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகவே முறைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்வராணி, கோலியர்ஸ் வுட் என்று சொன்னேன்.

அப்போதுதான் ஹமதின் கதையைச் சொன்னேன். பிஸ்கட் டப்பா, பட்டப் பெயர் எல்லாம். ஹெலன் பழைய தாளைக் கிட்டே நகர்த்தினார். பழைய சீட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார். ஆனால் பிற்பாடு தெரிய வந்ததை எழுதி, தேதி போட்டுப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டலாம், அதற்கு இடம் உண்டு. பேனாவை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் சலீமிடமிருந்து ஒரு படம் வந்தது. பாறையில் சிவப்பு அம்புக்குறியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். குட்டையின் மறு கரைப் பாறைகளில் புது அம்புகள். உடனே அவரைக் கூப்பிட்டேன். சமையலறை மேசையில் போனை வைத்து, நடந்தது அத்தனையையும் என் அரைகுறை அரபியில் ஒப்புக்கொண்டேன். அக்கா பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மறுமுனையில் ஆட்டு மணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த அம்மாவின் கணவருக்கு இருமல் நின்றதா?" என்று கேட்டார் சலீம்.

அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். "ஓம், ஞாயிற்றுக்கிழமையோடை நிண்டிட்டுது எண்டு சொல்லுங்கோ. நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டும் சொல்லுங்கோ" என்றார் அக்கா. வாரம் முழுவதும் வராத சிரிப்பு அப்போதுதான் வந்தது.

பிறகு சலீம், "அந்தத் தாள்?" என்றார். போன வார வியாழக்கிழமை நான் எடுக்காத போன் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

பழைய சீட்டில் இருந்ததை மறைக்காமல் சொன்னேன். ஓர் ஆட்டிடையன் என்றுதான் எழுதியிருந்தது. பிறகு ஹெலன் ஒட்டிய துண்டுச் சீட்டின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தேன்.

"இங்கே குறிப்பிடப்படும் ஆட்டிடையனின் பெயர் ஹமத். இதே செடியை இதே குட்டையில் மீண்டும் பறித்தவர் அவருடைய மகன் சலீம்."

"அது லண்டனில் இருக்கிறதா?"

"இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்."

"எடுத்துவிட மாட்டார்களே?"

"மாட்டார்கள். அங்கே எதையும் எடுப்பதில்லை."

மணிச் சத்தம் வேகமாகக் கேட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஊருக்குள்ளே" என்றார் சலீம். "என் தந்தையைக் கேலி செய்தவர்களில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்."